ராஸ்: குறைந்த கை ஜெயிக்கும் போக்கரை ஆடக் கற்றுக்கொள்வது எப்படி

போக்கர் என்றதும் ராஜாவுக்கும் ஏஸுக்கும் ஏங்கும் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். ராஸில் எல்லாம் தலைகீழ். ராஜா வந்தால் முகம் சுருங்கும், ரெண்டும் மூணும் வந்தால் மனசு குளிரும். ஆளுக்கு ஏழு சீட்டு, சில திறந்தும் சில கவிழ்ந்தும் வரும் ஏழு சீட்டு ஸ்டட் ஆட்டத்தின் அதே நடைமுறைதான், ஆனால் கடைசியில் யாருடைய கை, அதாவது ஐந்து சீட்டுச் சேர்க்கை, மிகக் குறைவோ அவருக்கே பாட், அதாவது நடுவில் சேர்ந்த சிப்புகள் மொத்தமும்.

வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் போட்டிகளில் 1970களின் தொடக்கத்திலேயே ராஸ் இடம்பிடித்துவிட்டது. ஐந்து ஆட்டங்களை மாற்றி மாற்றி ஆடும் ஹார்ஸ் என்ற கலவை ஆட்டத்தில் நடுவில் வருவதும் இதுதான். ஹோல்டெம் என்ற பிரபலமான போக்கர் வகையின் ஆட்டக்காரர் என்றே பெயரெடுத்த ஃபில் ஹெல்முத், அந்தப் போட்டிகளில் ஜெயித்தவருக்குத் தரும் பரிசான பிரேஸ்லெட்டுகளில் தன் முதல் பதினொன்றையும் ஹோல்டெமில் வாங்கியவர். அவர் ஹோல்டெமுக்கு வெளியே முதல் பிரேஸ்லெட் வென்றது 2012இல், ராஸில். 2015இல் மறுபடியும் ராஸில் ஒன்று. வேறு போக்கர் ஆடிப் பழகியவர்களும் தைரியமாக இதற்குள் வரலாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். போக்கரே ஆடாதவர்களும் வரலாம். விதிகள் குறைவு, ஒரே மாலையில் பிடிபட்டுவிடும்.

முதலில் கையைப் படிக்கப் பழகுங்கள்

பந்தயம், வரிசை எல்லாம் அப்புறம். யார் ஜெயித்தார் என்று சொல்லத் தெரியாமல் ஆட உட்காரவே கூடாது.

ராஸில் ஏஸ் எப்போதும் ஒன்று, அதைவிடச் சின்னச் சீட்டு இல்லை. ராஜாதான் மிகப் பெரியது. ஏழு சீட்டில் உங்களுக்குச் சாதகமான ஐந்தை எடுத்துக்கொள்ளலாம். தொடர்ச்சியாக வந்தாலோ ஐந்தும் ஒரே நிறத்தில் (எல்லாமே ஸ்பேட் என்பது போல) வந்தாலோ கவலை வேண்டாம், அவை கணக்கிலேயே வராது. அதனால் 5-4-3-2-ஏஸ் தான் இந்த ஆட்டத்தின் உச்சக் கை. அதற்கு வீல் என்று பெயர். ஜோடி மட்டும் கெடுதல். ஒரே எண் இரண்டு முறை வந்தால் ஒன்றை வீணான சீட்டாக ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

ஒப்பிடும்போது மேலிருந்து கீழே படியுங்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒருவரிடம் 8-7-3-2-ஏஸ், இன்னொருவரிடம் 8-6-5-4-3. முதல் கையில் ஏஸும் ரெண்டும் மூணும் இருப்பதால் அதுதான் அழகாகத் தெரியும். ஆனால் ஜெயிப்பது இரண்டாவது. இருவருக்கும் பெரிய சீட்டு 8. அடுத்தது ஒருவருக்கு 7, மற்றவருக்கு 6. அங்கேயே முடிந்துவிட்டது, கீழே என்ன இருந்தாலும் பார்க்கத் தேவையில்லை. ஆட்டக்காரர்கள் கையைச் சொல்வதும் இப்படித்தான்: "எட்டு ஏழு", "எட்டு ஆறு".

உங்களிடம் 3, 7, 7, 10, 4, ஏஸ், 8 என்று ஏழு சீட்டு. ஒரு 7ஐயும் 10ஐயும் தள்ளினால் 8-7-4-3-ஏஸ், எட்டு ஏழு. இப்போது ஏஸ், 2, 2, 6, 6, 9, ராஜா. தொடக்கத்தில் எவ்வளவு இனிப்பாக இருக்கிறது பாருங்கள், ஆனால் வேறு வேறு எண்களாக ஐந்து எடுத்தால் ராஜாவையும் சேர்த்துத்தான் ஆக வேண்டும். ராஜா ஒன்பது. அபூர்வமாக, வேறுபட்ட எண்களே ஐந்து தேறாமல் போகும். அப்போது கையில் ஜோடி வந்தே தீரும், ஜோடி உள்ள கை எந்த ஜோடியில்லாக் கையிடமும் தோற்கும்.

ஒரு சீட்டுக்கட்டை எடுத்துக் குலுக்கி, ஏழு ஏழாகப் போட்டு, கையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். யோசிக்காமல் வாயில் வரும் வரை செய்யுங்கள்.

ஆட்டம் நடக்கும் விதம்

அதிகபட்சம் எட்டுப் பேர் உட்காரலாம். ஒவ்வொருவரும் முதலில் ஒரு சின்னத் தொகையை நடுவில் போட வேண்டும், இது ஆன்டி. பிறகு ஆளுக்கு மூன்று சீட்டு: இரண்டு கவிழ்த்து, ஒன்று திறந்து. திறந்த சீட்டுகளில் யாருடையது பெரியதோ அவர் கட்டாயமாக ஒரு சிறு பந்தயம் வைத்துத் தொடங்க வேண்டும். இதை பிரிங் இன் என்பார்கள். இரண்டு பேருக்கும் ராஜா என்றால் நிறத்தைப் பார்ப்பார்கள்: ஸ்பேட் பெரியது, பிறகு ஹார்ட், டைமண்ட், கிளப். அடுத்தடுத்து வருபவர்கள் அந்தச் சிறு தொகையைக் கட்டலாம், முழுப் பந்தயமாக உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம்.

கையில் மூன்று சீட்டு இருக்கும் இந்தச் சுற்று தேர்ட் ஸ்ட்ரீட். அதன்பின் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது சீட்டுகள் திறந்தே வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தயச் சுற்று. ஏழாவது மட்டும் கவிழ்த்து வரும். நான்காவது சீட்டிலிருந்து முதலில் பேச வேண்டியவர் மாறுகிறார்: யாருடைய திறந்த சீட்டுகள் குறைவோ அவரே தொடங்குவார். வழக்கமாக இது லிமிட் ஆட்டம், அதாவது பந்தயத் தொகை முன்பே நிர்ணயமானது. முதல் இரண்டு சுற்றில் சின்னப் பந்தயம், ஐந்தாவது சீட்டிலிருந்து அதைப்போல இரண்டு மடங்கு.

எட்டுப் பேரும் கடைசி வரை நின்றால் 56 சீட்டு தேவை, கட்டில் இருப்பதோ 52. நடைமுறையில் பாதிப் பேர் முன்பே ஒதுங்கிவிடுவார்கள். அப்படியும் சீட்டு போதாமல் போனால் கடைசிச் சீட்டு ஒன்றை நடுவில் திறந்து, எல்லோருக்கும் பொதுவாக்கிவிடுவார்கள்.

எந்தக் கையோடு உள்ளே நுழைவது

எளிய விதி ஒன்று போதும். மூன்று சீட்டும் 8 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், மூன்றும் வேறு வேறாக இருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள்.

கணக்குப் போட்டால் மூன்று சீட்டு 22,100 விதமாக வரலாம், அதில் இந்த விதிக்குள் அடங்குபவை 3,584. அதாவது நூறு முறையில் 16 முறைதான் ஆடத் தகுந்த கை வரும். மீதி நேரமெல்லாம் ஆன்டி கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இதைத் தாங்க முடியாமல்தான் பலர் 2-3-ராணியோடும் ஏஸ்-ஏஸ்-4ஓடும் உள்ளே போகிறார்கள். போகாதீர்கள். ஏஸ் ஜோடியில் கண் மயங்கும், ஆனால் உண்மையில் அது இரண்டு சீட்டுக் கைதான்.

எட்டுக்குள் எல்லாம் ஒரே தரமில்லை என்பதும் உண்மை. 8-7-6 சேர்ந்தால் பெரும்பாலும் எட்டு ஏழாகத்தான் முடியும். 5-3-ஏஸ் எங்கே வேண்டுமானாலும் போகும். எதிரே இரண்டு பேர் சின்னச் சீட்டைக் காட்டிக்கொண்டு பந்தயத்தை ஏற்றினால் 8-7-6ஐ நான் கவிழ்த்துவிடுவேன்.

எதிரில் உள்ள சீட்டுகளைப் பாருங்கள்

நான் ஆடத் தொடங்கிய நாட்களில் என் மூன்று சீட்டையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பேன். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, உங்க சீட்டு ஓடிப் போகாது. அவங்க சீட்டைப் பாருங்க. கவிழ்த்துட்டா திரும்பப் பார்க்க முடியாது." ராஸைப் பற்றி எனக்குக் கிடைத்த பாடங்களில் இதுதான் பெரியது. அதனால்தான் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

உங்களிடம் 6-4-ஏஸ் என்று வையுங்கள். எதிரே திறந்திருப்பவை 4, 6, ஏஸ், ராணி, 4. பார்த்ததும், எல்லோரும் சின்னச் சீட்டாக வைத்திருக்கிறார்களே என்று பயம் வரும். உண்மையில் இது நல்ல செய்தி. உங்களுக்கு ஜோடி சேர்த்துக் கெடுக்கக்கூடிய 4, 6, ஏஸ் எல்லாம் அடுத்தவர் கையில் போய்விட்டன. உங்களுக்குத் தேவையான 2, 3, 5, 7, 8 முழுசாகக் கட்டில் காத்திருக்கின்றன. அதே 6-4-ஏஸுக்கு எதிரே 2, 3, 5, 5, 7 திறந்திருந்தால் நிலைமை தலைகீழ். கை ஒன்றுதான், மதிப்பு வேறு.

எல்லாச் சீட்டையும் நினைவில் வைக்க முயலாதீர்கள். 9ஐயும் அதற்கு மேலே உள்ளவற்றையும் விட்டுவிடுங்கள். எட்டும் அதற்குக் கீழும் மட்டும், அதுவும் கவிழ்ந்து மறையப்போகும் சீட்டுகளை மட்டும், மனதுக்குள் வரிசையாகச் சொல்லிக்கொள்ளுங்கள்: "ரெண்டு, நாலு, நாலு, ஏழு." போன் எண்ணை ஞாபகம் வைப்பதைவிடச் சுலபம்.

நான்காவது, ஐந்தாவது சீட்டு

நுழைந்தவர்களுக்கெல்லாம் சீட்டு தொடர்ந்து கைகொடுக்காது. ஏஸ்-2-3 வைத்திருக்கிறீர்கள், அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனாலும் பார்க்காத 49 சீட்டில் 4 முதல் 8 வரையிலானவை 20 மட்டுமே. பத்தில் ஆறு முறை, அடுத்துப் பெரிய சீட்டோ ஜோடியோதான் வந்து விழும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கை கண்ணெதிரே சுருங்கும். இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. எல்லோருக்கும் பத்தில் ஆறு முறை நடக்கிறது.

ஆகவே என்ன வந்தது என்பதைவிட, எதிராளியோடு ஒப்பிட்டால் எப்படி இருக்கிறோம் என்று பாருங்கள். உங்களுக்கு ராணி, அவருக்கும் ஜாக்: ஒன்றும் மாறவில்லை, தொடரலாம். அவருக்கு 10 வந்து உங்களுக்கு 5 வந்தால் பந்தயம் வையுங்கள். உங்களுக்கு ராணி, அவருக்கு 5 என்றால், ஏஸ்-2-3 போன்ற அருமையான தொடக்கமாக இல்லாதவரை கவிழ்த்துவிடுவதே நல்லது. ஐந்தாவது சீட்டில் பந்தயம் இரட்டிப்பாகிறது. அங்கே பின்தங்கி நின்றால் விலை அதிகம்.

அதற்காக, ஐந்து சீட்டும் சேர்ந்து கை முடிந்தவரே எப்போதும் முன்னணியில் இருக்கிறார் என்றும் நினைக்கக் கூடாது. எதிராளிக்கு ஐந்து சீட்டிலேயே 9-8-7-3-2 முடிந்துவிட்டது. உங்களிடம் 4-3-2-ஏஸ், கூடவே பயனில்லாத ராஜா. தெரியாத 42 சீட்டில் உங்களைக் கரையேற்றக்கூடியவை நான்கு 5, நான்கு 6, மூன்று 7, மூன்று 8, மூன்று 9, ஆக 17. இரண்டு சீட்டு இன்னும் வர வேண்டும். இரண்டுமே ஏமாற்றுவது நூற்றுக்கு 35 முறைதான். அவரும் நடுவில் கொஞ்சம் தேறலாம். அதைக் கழித்த பிறகும் பாதிக்கு மேல் நீங்களே ஜெயிப்பீர்கள். கரடுமுரடான ஒன்பதைக் கண்டு ஓட வேண்டாம்.

ஒரு கையை முழுவதும் பார்ப்போம்

ஆறு பேர். ஆன்டி 1 சிப், பிரிங் இன் 2, சின்னப் பந்தயம் 5, பெரியது 10. உங்களிடம் கவிழ்த்து ஏஸ், 3, திறந்து 6. வரிசையாக எதிரில் ராஜா, 4, ராணி, பிறகு நீங்கள், உங்களுக்குப் பின் 9, 3.

ராஜா 2 சிப் வைக்கிறார். 4 காட்டுபவர் 5 ஆக உயர்த்துகிறார். ராணி ஒதுங்குகிறார். நீங்கள் 5 கட்டுகிறீர்கள். 9, 3, ராஜா மூவரும் கவிழ்த்துவிடுகிறார்கள். மறைந்த சீட்டுகளில் உங்களுக்கு முக்கியமானது அந்த 3 மட்டும்தான். உங்கள் 3க்கு ஜோடி சேரும் வாய்ப்பு ஒன்று குறைந்தது. பாட் இப்போது 18 சிப்.

நான்காவது சீட்டு: அவருக்கு ஜாக், உங்களுக்கு 8. உங்கள் 8-6 அவருடைய ஜாக்-4ஐவிடக் குறைவு, அதனால் நீங்கள் தொடங்க வேண்டும். 5 வையுங்கள். அவர் கட்டுகிறார். 28.

ஐந்தாவது: அவருக்கு 2, உங்களுக்கு ராணி. இப்போது அவர் தொடங்கி 10 வைக்கிறார். உங்களிடம் 8-6-3-ஏஸ் நான்கு சீட்டு தயார். அவரிடமும் ஜாக் இருப்பதால் அதிகபட்சம் நான்குதான் தயாராக இருக்க முடியும். கட்டுங்கள். 48.

ஆறாவது: அவருக்கு இன்னொரு 4, உங்களுக்கு 5. கை முடிந்தது: 8-6-5-3-ஏஸ். இந்த இடத்தில் ஒரு மூச்சு நின்று அவர் பக்கம் பாருங்கள். திறந்திருப்பவை 4, ஜாக், 2, 4. ஒரு 4 வீண். மறைந்திருக்கும் இரண்டும் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஐந்து சேர்க்க ஜாக்கைத் தொட்டே ஆக வேண்டும். இந்த நிமிடம் நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள் என்பது உறுதி. ஜோடி காட்டுபவர் கடைசியில்தான் பேசுவார், நீங்கள் தொடங்கி 10 வையுங்கள். அவர் கட்டுகிறார். 68.

ஏழாவது கவிழ்ந்து வருகிறது. உங்களுக்கு 10, பயனில்லை. 10 வைக்கிறீர்கள், அவர் தயங்கிவிட்டுக் கட்டுகிறார். 88. அவர் விரிக்கும் கை: மறைவில் 7, 5, கடைசியாக வந்தது 8. எட்டு ஏழு. உங்களுடையது எட்டு ஆறு. பாட் உங்களுடையது. கடைசியில் அவருக்கு ஏஸோ 3ஓ 6ஓ வந்திருந்தால் ஏழில் முடித்து உங்களைத் தாண்டியிருப்பார். ஆனாலும் ஆறாவது சீட்டில் நீங்கள் வைத்த பந்தயம் சரியானதே.

திறந்த சீட்டு சொல்லும் எல்லை

மேலே நடந்ததைப் பொதுவாகச் சொல்லிவிடலாம். ஒருவருடைய ஏழு சீட்டில் மூன்றுதான் மறைவு. கை சேர்க்க ஐந்து வேண்டும். ஆக, கண்ணுக்குத் தெரியும் நான்கில் குறைந்தது இரண்டை அவர் எடுத்தே தீர வேண்டும். எதிராளியின் திறந்த சீட்டுகளில் வேறுபட்ட எண்களாக மிகச் சின்ன இரண்டைப் பாருங்கள். அதில் பெரியது எதுவோ, அதைவிடக் குறைந்த கை அவருக்குக் கிடைக்கவே கிடைக்காது.

அவர் காட்டுவது ராஜா, 9, 3, 9 என்றால் சின்ன இரண்டு 3ம் 9ம். வானமே இடிந்து விழுந்தாலும் ஒன்பதுக்குக் கீழே போக முடியாது. உங்களிடம் எட்டு முடிந்திருந்தால் ஏழாவது சீட்டைப் பார்க்கும் முன்பே பாட் உங்களுடையது. வேறு எந்தப் பெரிய போக்கர் ஆட்டத்திலும் இவ்வளவு அடிக்கடி, இவ்வளவு துல்லியமாக, எதிராளியின் எல்லையைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ராஸின் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் வந்ததே இதனால்தான்.

இதையே உங்கள் பக்கமும் திருப்பிப் பாருங்கள். உங்களுடைய திறந்த சீட்டுகளும் மற்றவர்களிடம் இதே போலப் பேசிக்கொண்டிருக்கின்றன. உங்களுக்கு முன்னால் எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள், பின்னால் மிச்சம் இருப்பவர்கள் ராணியும் பிரிங் இன் வைத்த ராஜாவும் மட்டும். நீங்கள் காட்டுவது 3. மறைவில் ஜாக்கும் 5ம் இருந்தாலும் இங்கே முழுப் பந்தயமாக உயர்த்தலாம், பெரும்பாலும் இருவரும் ஒதுங்கிவிடுவார்கள். ஆன்டியைத் திருடுவது என்று இதற்குப் பெயர், நேர்மையான உத்திதான். ஒருவர் கட்டிவிட்டு, அடுத்த சீட்டு அவருக்கு நன்றாகவும் உங்களுக்கு மோசமாகவும் வந்தால் பிடிவாதம் பிடிக்காமல் விட்டுவிடுங்கள்.

பழகும் விதம்

ஆரம்பத்தில் காசு வேண்டவே வேண்டாம். பொத்தான், புளியங்கொட்டை, தீக்குச்சி எதுவானாலும் போதும். நான்கு பேர் கிடைத்தால் நல்லது. முதல் பத்துக் கைகளை எல்லாச் சீட்டையும் திறந்து வைத்தே ஆடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் யார் முதலில் பேச வேண்டும், யார் முன்னால் இருக்கிறார், ஏன் என்று எல்லோரும் சேர்ந்து பேசுங்கள். வாக்குவாதம் வரட்டும், கை படிப்பது அப்படித்தான் பதியும்.

ஆள் கிடைக்காவிட்டால் தனியாகவும் செய்யலாம். ஆறு பேருக்கு மூன்று மூன்றாகப் போட்டு, உங்கள் இடத்தின் சீட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். திறந்திருக்கும் ஐந்தையும் ஐந்து விநாடி பார்த்துவிட்டுக் கவிழ்த்துவிடுங்கள். எட்டிலும் அதற்குக் கீழும் என்னென்ன போனது என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிச் சரிபாருங்கள். பிறகு அடுத்த ஆறு பேருக்குப் போடுங்கள்.